பழைய ஹைலக்ஸில் சிம்ப்சன் பாலைவனம்: பணத்தை முதலில் எதில் போடுவது?

செம்மண்தடம் (அடிலெய்ட்)

அனைவருக்கும் வணக்கம். 1994-ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106 பிக்அப் வண்டி ஒன்று போன மாதம் கைக்கு வந்தது. இரட்டை கேபின், 3எல் என்ற 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். மீட்டர் 3,87,000 கி.மீ. காட்டுகிறது. அதற்கு முன் ஒருமுறை சுற்றி வந்ததா என்பது பழைய சொந்தக்காரருக்கே வெளிச்சம்.

வரும் ஜூலையில் பாலைவனத்தின் மேற்கே மவுண்ட் டேரிலிருந்து பிரெஞ்சு லைன் என்ற மணல்தடம் வழியாகக் கிழக்கே பேர்ட்ஸ்வில் ஊர் வரை போக ஆசை. நானும் மனைவியும் ஒரு வண்டி. நண்பர் ஒருவர் தம் வண்டியில் துணைக்கு வருகிறார். கையில் எட்டாயிரம் டாலர் இருக்கிறது. என் பட்டியல்: இரண்டு அங்குல உயர்த்தும் கிட், இரும்பு முன்பம்பர், வின்ச் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் கருவி), ஸ்நார்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் குழாய்), கூரைக்கூடாரம், எல்இடி விளக்குப் பட்டை, இரண்டாம் பேட்டரி, ஃப்ரிட்ஜ், பெரிய டீசல் டேங்க், பின் ஸ்பிரிங்கில் வைக்கும் காற்றுப்பை. இதில் எதை விடலாம்?

---

மஸ்கட்வாசி

டயரும் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் பட்டியலிலேயே இல்லையே! இங்கே ஓமானில் ஷர்கியா மணலில் டயர் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்கு இறக்காமல் போகிறவர்களைத்தான் வாராவாரம் இழுத்து எடுக்கிறோம். நல்ல டயர், நல்ல கம்ப்ரஸர், ஒரு மண்வெட்டி. மற்றதெல்லாம் பிறகு. வின்ச் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

---

கிரீஸ்கை (மெல்பர்ன்)

தம்பி, பட்டியலைப் படித்தேன். பத்துப் பொருள் இருக்கிறது. பத்தும் வண்டியின்மேல் ஏற்றுகிற பொருள். வண்டியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

யாழ்ப்பாணத்தில் கராஜில் தொடங்கி இங்கே ஓய்வு பெறும்வரை டீசல் வாகனங்களோடுதான் என் காலம் போனது. அந்த உரிமையில் சொல்கிறேன். முப்பது வயது வாகனம் பாலைவனத்தில் நிற்பது வின்ச் இல்லாததால் அல்ல. முப்பது டாலர் ரப்பர் குழாய் வெடித்து நிற்கும். ஆகவே சில கேள்விகள்.

டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது? 3எல் எஞ்சினில் அது ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. நேரம் வந்ததும் டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். பல வாகனங்களில் பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்திருப்பார்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அங்கே வைத்துச் செய்ய ஒன்றுமே இருக்காது.

ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தாயா? வெளியே பளபளக்கும், உள்ளே பாதிக் குழாய் அடைத்திருக்கும். நகரத்தில் சூடு காட்டாது. மணலில் இரண்டாம் கியரில் மணிக்கணக்காக எஞ்சின் திணறும்போதுதான் முள் ஏறும். இந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட் சூட்டைப் பொறுக்காது, வெடிப்பு விடும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், தண்ணீர் பம்ப், விசிறியின் பிசுபிசுப்பு கப்ளிங், எல்லாம் ஒரே நாளில் முடித்துவிடு. பழைய ஹோஸ் நன்றாக இருந்தால் எறியாதே, உதிரியாக எடுத்துப் போ.

அடுத்தது முன் அச்சு. சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார். இரும்புப் பந்து போல ஒன்று வழவழப்பாகத் தெரியும். அதன்மேல் மெல்லிய கிரீஸ் பூச்சு இருக்கலாம். அதுவே தண்ணீராக ஒழுகிச் சக்கரத்தின் உட்புறத்தை நனைத்திருந்தால், அச்சின் உள் சீல் போய்விட்டது. டிஃபரன்ஷியல் எண்ணெய் உள்ளே புகுந்து கிரீஸோடு கலந்து கூழாகிவிட்டது என்று பொருள். அந்தக் கூழில் சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஜாய்ன்டும், அது திரும்பத் தாங்கும் கிங் பின் பேரிங்கும் நீண்ட நாள் உயிரோடு இருக்காது.

பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் பேரிங். பார்த்துவிட்டு வந்து எழுது. அதுவரை ஒரு டாலரும் செலவு செய்யாதே.

---

செம்மண்தடம்

அண்ணா, முதலில் கொஞ்சம் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் வண்டிக்கு அடியில் கிடந்தேன்.

டைமிங் பெல்ட்டுக்கு ரசீது இல்லை. வலது முன்சக்கரத்தின் உட்புறம் நீங்கள் சொன்ன அதே ஒழுகல். மூடியைக் கழற்றியதும் கருப்புக் கஞ்சி போல ஒரு கோப்பை அளவுக்கு வடிந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் உள்ளே மினுமினுப்பு தெரிகிறது. இடது பக்கம் பரவாயில்லை. டயரில் பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) இன்னும் பாதி இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்கம் 2213 என்று இருக்கிறது.

---

மஸ்கட்வாசி

2013-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்த டயர். பூ இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரப்பர் கட்டையாகியிருக்கும். காற்றைக் குறைத்து ஓட்டினால் பக்கச்சுவர் மடிகிற இடத்தில் கிழியும்.

---

கிரீஸ்கை

அந்த மினுமினுப்பு பேரிங்கின் இரும்பு. வலம் இடம் இரண்டையும் சேர்த்தே பிரி. சீல், கேஸ்கெட், கிங் பின் பேரிங், சக்கர பேரிங் எல்லாம் அடங்கிய செட் கிடைக்கும். பொறுமை இருந்தால் வீட்டிலேயே ஒரு வார இறுதியில் செய்யலாம். ஒன்று மட்டும் கவனம்: கிங் பின்னுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன என்று எழுதிவைத்துக்கொள். மாற்றிப் போட்டால் ஸ்டீயரிங் ஆட்டம் எடுக்கும், யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது. கழற்றிய சக்கர பேரிங்கைக் கழுவிப் பார்த்து, நல்லதாக இருந்தால் கிரீஸ் அடைத்துப் பையில் கட்டி உதிரியாக வை.

---

கணக்குப்பிள்ளை (பெர்த்)

எனக்குப் பழுதுபார்க்கத் தெரியாது, எடை போடத் தெரியும். செம்மண்தடம் கொடுத்த பட்டியலில் கனமானவற்றையும் பயணத்துக்கு வேண்டிய மற்றச் சுமையையும் தோராயமாகக் கூட்டினேன்.

இரும்பு முன்பம்பர் 65 கிலோ. வின்ச் 38. கூரைக்கூடாரம் 60. பின்தட்டின்மேல் மூடி 110. ஃப்ரிட்ஜ் உணவோடு 45. பெரிய டேங்கில் 140 லிட்டர் டீசல் என்றால், லிட்டருக்கு 0.84 கிலோ வீதம், 118. தண்ணீர் 70 லிட்டர், 70 கிலோ. இரண்டாவது ஸ்டெப்னி 30. கருவிகளும் உதிரிகளும் 40. சமையல், படுக்கை, துணிமணி 60. இரண்டு பேர் 150. மொத்தம் 786 கிலோ. ஒரு டன் சுமக்கும் வண்டிதானே என்று நினைக்கலாம். அந்த ஒரு டன் புது ஸ்பிரிங்குக்கும், தார்ச்சாலைக்கும், தட்டில் சமமாகப் பரவிய சுமைக்கும் சொன்னது. இங்கே நூறு கிலோ முன் மூக்கில், அறுபது கிலோ தலைக்கு மேல், மிச்சத்தில் பெரும்பகுதி பின்னச்சுக்குப் பின்னால் தொங்குகிறது.

டீசல் கணக்கும் பார்ப்போம். மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை சுமார் 500 கி.மீ., நடுவில் ஒரு சொட்டு கிடைக்காது. தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டி மணல்மேட்டில் 20 குடிக்கும். நூறு லிட்டர், கையிருப்பாக இன்னும் முப்பது. உங்கள் டேங்கில் 65 பிடிக்கும் என்றால் இருபது லிட்டர் ஜெரிகேன் நான்கு போதும். பெரிய டேங்குக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கு டயர் வாங்கிவிடலாம்.

---

புதுச்சாவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைத்தால் சுமை ஏற்றினாலும் வால் இறங்காது என்கிறார்கள். அது நல்லதுதானே?

---

ஒட்டகப்பாதை (ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்)

வால் இறங்காது. சேஸிஸ் மடங்கும். நேரில் பார்த்திருக்கிறேன்.

பட்டை ஸ்பிரிங் சுமையை இரண்டு முனைகளில் வாங்கி சேஸிஸுக்குக் கொடுக்கிறது: ஒன்று அச்சுக்கு முன்னால், ஒன்று பின்னால். காற்றுப்பையை நடுவில் வைத்து இறுக்கி நிரப்பினால் சுமை முழுவதும் அச்சுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் இறங்கும். பின்னால் தட்டில் முன்னூறு கிலோ தொங்குகிறது. சேஸிஸ் நடுவில் முட்டுக் கொடுத்த பலகை மாதிரி ஆகிவிடும். வேகமாக ஒரு வாய்க்கால் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் போதும். கேபினுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலே விரிந்து, கீழே குறுகி நிற்கும். ஓட்டுநர் இறங்கி வந்து அந்த இடைவெளியைப் பார்த்தபடி நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சுமை அதிகமென்றால் சுமைக்கேற்ற ஸ்பிரிங் பட்டை போடுங்கள், அல்லது சுமையைக் குறையுங்கள். இரண்டாவது இலவசம்.

வின்ச் பற்றி மஸ்கட்வாசியோடு உடன்பட முடியவில்லை. சிம்ப்சனில் மூன்று முறை குறுக்கே போயிருக்கிறேன். மேட்டின் உச்சிக்குப் பத்தடி கீழே நின்றுவிட்டால் கயிற்றை எதில் கட்டுவது? மரம் வேண்டிய இடத்தில் மரம் இருக்காது. பின்னோக்கி இறங்கி, டயரில் இன்னும் இரண்டு பிஎஸ்ஐ குறைத்து, மறுபடி ஏறுவதுதான் வழி. அங்கே 16-இல் தொடங்குவேன், மாட்டிக்கொண்டால் 12 வரை போவேன். அந்தக் காற்றில் சட்டென்று வளைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

---

மஸ்கட்வாசி

இங்கும் மரம் கிடையாது, ஆனால் இன்னொரு வண்டியில் கட்டலாமே?

---

ஒட்டகப்பாதை

இன்னொரு வண்டி இருந்தால் நீளும் இழுவைப் பட்டை போதும். 38 கிலோவுக்குப் பதில் மூன்று கிலோ. ஆனால் அதை எதில் மாட்டுகிறோம் என்பது உயிர் விஷயம். டிரெய்லர் இழுக்கும் குண்டில் ஒருபோதும் மாட்டக்கூடாது. பட்டை நீண்டு சேர்த்துவைத்த விசையில் குண்டு முறிந்தால் தோட்டா மாதிரி பறந்து வரும். இந்த நாட்டில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பழைய ஹைலக்ஸில் முன்னால் இருக்கும் சின்ன வளையம் கப்பலில் வரும்போது கட்டிவைப்பதற்கானது, இழுப்பதற்கு அல்ல. எடை குறிப்பிட்ட கொக்கியை முறையான போல்ட்டில் சேஸிஸோடு பொருத்துங்கள். புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு மணல்பலகை, நீளக் கைப்பிடி மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு மரப்பலகை. பலகை இல்லாமல் ஜாக்கி மணலில் இறங்குமே தவிர வண்டி ஏறாது.

ஒரு பழைய கதை. சிம்ப்சனை முதன்முதலில் மோட்டார் வண்டியில் கடந்தவர் ரெஜ் ஸ்பிரிக் என்ற புவியியலாளர். 1962-இல் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நிசான் பேட்ரோல் ஒன்றில் போனார். அப்போது பிரெஞ்சு லைன்கூடக் கிடையாது. எண்ணெய் தேடிய பிரெஞ்சுக் கம்பெனி அதை 1963-இல்தான் போட்டது. அவருக்கும் முன்னால், 1936-இல், டெட் கோல்சன் பீட்டர் ஐன்ஸ் என்ற பழங்குடி நண்பரோடு ஒட்டகத்தில் கடந்தார். அதற்கும் எத்தனையோ தலைமுறை முன்பிருந்து வாங்கங்குரு மக்கள் மிகிரி என்ற கிணறுகளைத் தோண்டி அந்த மணலுக்குள்ளேயே வாழ்ந்திருக்கிறார்கள். நாம் விளக்குப் பட்டை வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மேற்கிலிருந்து கிழக்கே போகும் உங்கள் திட்டம் சரி. மேடுகளின் கிழக்குச் சரிவுதான் செங்குத்து. மேற்கிலிருந்து ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்காது. ஆயிரத்துக்கும் மேல் மேடுகள். கடைசியில் பேர்ட்ஸ்வில்லுக்கு முன் பிக் ரெட் என்ற பெரிய மேடு, நாற்பது மீட்டர். ஏறியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, சுற்றிப் போக வழி உண்டு.

கொடி மறக்கவேண்டாம். வண்டியின் முன்னால் கம்பத்தில், தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். மேட்டின் மறுபக்கம் ஏறி வருகிறவருக்கு முதலில் தெரிவது அதுதான். சவுத் ஆஸ்திரேலியாப் பகுதிக்கு டெசர்ட் பார்க்ஸ் பாஸ் என்ற அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே மூடிவிடுவார்கள், ஜூலையில் சிக்கல் இல்லை.

---

கணக்குப்பிள்ளை

தொடர்புக்கு என்ன? கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது.

---

ஒட்டகப்பாதை

வண்டிக்கு வண்டி பேச யுஎச்எஃப் ரேடியோ, பாலைவனத்தில் சேனல் 10. உயிருக்கு ஆபத்தென்றால் அழுத்த 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி. கடல்பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்துவைக்கவேண்டும், மாதச் சந்தா கிடையாது. ஆனால் அது "காப்பாற்று" என்று மட்டும் கத்தும். "டிஃபரன்ஷியல் போய்விட்டது, எல்லோரும் நலம், இரண்டு நாள் தாமதம்" என்று சொல்லாது. அதற்குச் செயற்கைக்கோள் செய்திக் கருவி வேண்டும். இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி நின்றால் வண்டியை விட்டுப் போகாதீர்கள். 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பத்தில் ஐந்து பேரும் தாகத்தில் மாண்டார்கள். காரை விட்டு நடந்துபோனவர்கள் அவர்கள். மேலிருந்து தேடுகிறவருக்கு வண்டி தெரியும், மனிதர் தெரியமாட்டார்.

---

செம்மண்தடம்

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். பட்டியல் தலைகீழாகிவிட்டது.

செய்தவை: டைமிங் பெல்ட், ரேடியேட்டர், எல்லா ஹோஸ்களும், முன் அச்சு இருபக்கமும் (ஒரு வார இறுதி அல்ல, மூன்று!), சக்கர பேரிங், பிரேக் குழாய்கள், புது டயர் ஐந்து, பின்பக்கம் சற்றுக் கனமான ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர், கம்ப்ரஸர், மணல்பலகை, கொக்கி, ரேடியோ. ரேடியேட்டருக்கு முன் கொசுவலை போன்ற கம்பிவலை கட்டியிருக்கிறேன், புல்விதை அடைக்காமலிருக்க. வாங்காதவை: வின்ச், முன்பம்பர், கூரைக்கூடாரம், விளக்கு, காற்றுப்பை, பெரிய டேங்க். தரையில் படுக்கும் துணிக்கூடாரம் 12 கிலோ. ஸ்நார்கல் மட்டும் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது. ஆற்றைக் கடக்க அல்ல, முன்னால் போகும் வண்டியின் புழுதிக்கு மேலே மூச்சு விடட்டும் என்று.

போன வாரம் ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம் ஐந்து நாள் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்தேன். ஹாக்கர் வழியாக ஆர்க்கரூலா. (அந்த ஆர்க்கரூலாவை உருவாக்கியவர் மேலே சொன்ன அதே ஸ்பிரிக் என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.) ஏணிப்படி போல வரிவரியாக மேடுபள்ளம் விழுந்த சாலையில் பல்லெல்லாம் ஆடியது. மூன்றாம் நாள் பேட்டரித் தட்டு வெல்டிங்கில் பிளந்து, பேட்டரி சாய்ந்து, நேர்மின் முனை பானட்டின் அடிப்பக்கத்தை உரசும் தூரத்துக்கு வந்துவிட்டது. மனைவிதான் ஏதோ தட்டும் சத்தம் கேட்கிறது என்று நிறுத்தச் சொன்னாள். எனக்குக் கேட்கவே இல்லை. ஜெரிகேன் கட்டும் பட்டையைப் போட்டு இறுக்கி ஊர் வந்து சேர்ந்தோம்.

---

கிரீஸ்கை

மனைவியின் காதை நம்பு. தட்டை வெல்டிங் செய்தால் மட்டும் போதாது, அடியில் ஒரு முட்டுப் பட்டையும் வை. முனைக்கு ரப்பர் மூடி போடு.

பயணத்துக்கு எடுத்துப்போகச் சில சில்லறைச் சாமான்: டீசல் ஃபில்டர் இரண்டு, ஃபேன் பெல்ட், ஹோஸ் கிளிப், ஃபியூஸ், வயர், இரும்புக் கம்பி, இரண்டு பாகம் கலந்து பூசும் எபாக்சி, ஒரு ஜி கிளாம்ப், ஸ்பிரிங் பட்டைகளை நடுவில் கோக்கும் நடு போல்ட் இரண்டு. கடைசியானதை எல்லோரும் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். சில டாலர்தான். புது ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறாய், அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டைச் சுமையோடு ஓடிய பிறகு மறுபடி இறுக்கவேண்டும். மறக்காதே.

---

செம்மண்தடம்

போய் வந்துவிட்டோம். ஆறு நாள். மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 108 லிட்டர் டீசல். எத்தனை முறை புதைந்தோம் என்று எண்ணுவதை நான்காவது முறையோடு விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மண்வெட்டியும் பலகையும் போதுமாக இருந்தன. எஞ்சின் சூடு முள் நடுவைத் தாண்டவில்லை. பிக் ரெட்டை மூன்றாவது முயற்சியில் ஏறினேன்.

மாநில எல்லைகள் கூடும் பாப்பல் கார்னரைத் தாண்டிய மறுநாள் காலை, இடது பின்சக்கரம் மட்கார்டை உரசும் நாற்றம் வந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் இரண்டு விரற்கடை பின்னால் போயிருக்கிறது. நடு போல்ட் முறிந்து, அச்சு ஸ்பிரிங்கின்மேல் நழுவியிருந்தது. சேஸிஸைத் தூக்கி, யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜி கிளாம்ப்பில் பட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, முறிந்த துண்டைச் சுத்தியால் தட்டி எடுத்தேன். அச்சை முன்னே தள்ள நண்பரின் ஜாக்கியைப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டியிருந்தது. மூன்றரை மணி நேரம். கிரீஸ்கை அண்ணா, வாங்கும்போது நானும் சிரித்தேன்.

---

கிரீஸ்கை

முறிந்த போல்ட் இருக்கிறதா? முறிந்த முகத்தைப் பார்த்துச் சொல். ஒரே நிறமாக இருக்கிறதா, இரண்டு நிறமா?

---

செம்மண்தடம்

இரண்டு நிறம். முக்கால்வாசி பழுப்பு, ஓரத்தில் பிறை போலக் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது.

---

கிரீஸ்கை

பழுப்பாக இருப்பது முன்பே விட்ட வெடிப்பு. பிறைதான் பாலைவனத்தில் போனது. யூ போல்ட் இறுக்கமாக இருந்தால் நடு போல்ட்டுக்கு வேலையே இல்லை, அது இடம் காட்ட மட்டும்தான். தளர்ந்த பிறகுதான் ஒவ்வொரு குலுக்கலும் அதன்மேல் விழும். ஆர்க்கரூலா போய் வந்தபின் இறுக்கினாயா?

---

செம்மண்தடம்

இல்லை. பேட்டரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததில் விட்டுவிட்டேன்.

இன்று நான்கு யூ போல்ட்டையும் நட்டோடு புதிதாகப் போட்டேன். 500 கி.மீ.யில் மறுபடி இறுக்கவேண்டும் என்று எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டியிருக்கிறேன். மீட்டர் இப்போது 3,91,460.